உரக்கச் சொன்ன பாஸ்வேர்டு

ஹம்சவேணிக்கு எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்டாக வேண்டும். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டு மிக்ஸி நின்றுபோனபோது, மற்றவர்கள் மெக்கானிக்கைத் தேடிப் போனார்கள், இவள் ஸ்குரூ டிரைவரைத் தேடிப் போனாள். மிக்ஸி பிழைக்கவில்லை என்பது வேறு விஷயம். அப்படிப்பட்டவளை எட்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவில், ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உட்கார வைத்தால் சும்மா இருப்பாளா? மகள் பெயரில் அவள் தொடங்கிய பிருந்தா பிரவுசிங் சென்டருக்கு அது மூன்றாவது வருஷம். தெருவுக்குத் தெரு நெட் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த இரண்டாயிரத்து மூன்று அது.

கவுண்ட்டரில் ஹம்சவேணி. பின்னறையில் வயர்களுக்கும் ஸ்குரூக்களுக்கும் நடுவே கொழுந்தன் ஸ்ரீநாத். எம்.சி.ஏ. முடித்தவன், கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு வரும் சிடிக்களை மற்றவர்கள் சினிமா சிடி சேர்ப்பதைப்போலச் சேர்ப்பவன். இவர்கள் இருவருக்கும் மேலே ராதாகிருஷ்ணன், அவளுடைய கணவர். விளக்குத்தூண் பக்கம் ஜவுளி வியாபாரம் அவருக்கு. சாயங்காலம் கடைக்கு வருவார், குறை கண்டுபிடிப்பார், காபி குடிப்பார். கட்டடம் அவர் பெயரில் இருந்ததால் அந்தக் குறைகளைக் காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

மூவரும் சௌராஷ்டிரர்கள். வாடிக்கையாளரிடம் தமிழ், தங்களுக்குள் சௌராஷ்டிர வீட்டுப் பேச்சு. மதுரையில் அந்தப் பேச்சு காதில் விழாதவர் யாருமில்லை, ஆனால் அடுத்தவருக்கு அது புரியாது என்பதில் இந்தக் குடும்பத்துக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அந்த நம்பிக்கையால் கிடைத்த வசதி கொஞ்சநஞ்சமில்லை. வந்தவன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அவனைப் பற்றிப் பேசலாம். கடைக்குள்ளேயே புருஷனும் பெண்டாட்டியும் முகத்தில் சிரிப்பு மாறாமல் சண்டை போடலாம். இன்னும் ஒன்று. கவுண்ட்டர் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை ஸ்ரீநாத் அடிக்கடி மாற்றிவிடுவான். காலையில் ஹம்சவேணி கடை திறந்ததும், "இன்னைக்கு என்ன?" என்று பின்னறையைப் பார்த்துக் கத்துவாள். அவன் அங்கிருந்தே பதிலுக்குக் கத்துவான். சமையலறைச் சாமான் ஒன்றின் பெயர், கூடவே ஓர் எண். எல்லாம் அவர்கள் பாஷையில். எந்தச் சாமான் என்று என்னிடம் கேட்காதீர்கள், அந்த அளவுக்காவது எனக்கு வாயடக்கம் உண்டு.

வாடிக்கையாளர்களில் முக்கியமானவர் வெள்ளைத்துரை. கோச்சடைக்காரர், வைகைக் கரையோரம் நெல் வயல், பஸ் ஸ்டாண்டு பக்கம் உரக்கடை. ஹம்சவேணியைவிட ஓரிரு வயது இளையவர், உருவத்தில் அவளைப்போல் இரண்டு மடங்கு. சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு நேரே இங்கே வந்து கார் ரேஸ் விளையாடுவார். திருப்பத்தில் கார் திரும்பினால் இவரும் நாற்காலியோடு திரும்புவார். அவர் தலை வாசலில் தெரிந்ததும் ஹம்சவேணி மலர்ந்த முகத்தோடு, "வாங்கண்ணே" என்பாள். அதே முகத்தோடு கொழுந்தனைப் பார்த்து வீட்டுப் பேச்சில், "பூசணிக்காய் வந்தாச்சு, ஓரத்துச் சிஸ்டத்தைக் குடு, நாற்காலியைப் பார்த்து" என்பாள். வெள்ளைத்துரையும் சிரித்துக்கொண்டே போய் ஓரத்தில் உட்காருவார்.

இப்படி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, கம்ப்யூட்டர்கள் ஓடாமல் நின்றதைத் தவிர. எட்டிலும் விண்டோஸ் 98. தொட்டதற்கெல்லாம் ஹேங் ஆகும். நீலத்திரை வந்து நிற்கும். யாராவது ஒருவர் ஃபிளாப்பியில் வைரஸைக் கொண்டுவந்து எட்டுக்கும் பந்தி வைத்துவிட்டுப் போவார். ஆடி மாதக் கடைசியில் முனீஸ்வரி என்ற பெண் நர்ஸ் வேலைக்கு நெட்டில் விண்ணப்பம் போட வந்தாள். பக்கம் பக்கமாக நிரப்பி, கடைசி பட்டனை அழுத்தும் நேரத்தில் திரை உறைந்தது. மறுபடி உட்கார்ந்தாள், மறுபடி உறைந்தது. மூன்றாவது தடவை அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அந்த நேரம் பார்த்து ராதாகிருஷ்ணன் வாசலில் நின்றிருந்தார்.

"போதும்" என்றார் வீட்டுப் பேச்சில். கடையில் ஆட்கள் இருந்தார்கள், அதனால் குரலில் கோபமில்லை, சொல்லில் மட்டும் இருந்தது. "வயசுப் பொண்ணு அழுதுகிட்டுப் போகுது. நம்ம பேர் கெடுது. செல்போன் கடைக்காரர் இடத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கார். தீபாவளிக்கு முன்னால மூடிருவோம்."

கடை போனால் ஹம்சவேணிக்கு அடுப்படி, ஜவுளிக்கடைக் கணக்கு, சாயங்காலம் டிவி. உலகத்தில் தெரிந்துகொள்ள இன்னும் எவ்வளவோ இருக்கும்போது அதெல்லாம் அவளுக்கு ஜெயில். அழுகை வருவதற்கு முன்னால் அவளுக்கு வழக்கமான அந்தக் கேள்வி வந்துவிட்டது.

"ஏன் ஹேங் ஆகுது?" என்றாள் ஸ்ரீநாத்திடம்.

"98 அப்படித்தான் அண்ணி."

"அப்படித்தான்னா எப்படி?"

ஸ்ரீநாத் தலையைச் சொறிந்தான். பிறகு சொன்னான். அதில் ஒரு புரோகிராம் தடுமாறினால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். எக்ஸ்பியில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறை. லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதில் அறைக்கு அறை பூட்டும் உண்டு. "நான் அப்பவே சொன்னேன், எட்டுலயும் லினக்ஸ் போடுவோம்னு. யாரு கேட்டா?"

"லினக்ஸ்ல கேம் ஓடுமா?" என்று ராதாகிருஷ்ணன் குறுக்கே விழுந்தார். "சாயங்காலம் வர்றவன் பூரா கேமுக்குத்தான் வர்றான். பூசணிக்காயைக் கேட்டுப் பாரு."

"ஏன் ஆளாளுக்குப் பேசிக்கிட்டு? பக்கத்துப் பக்கத்துல வச்சுப் பாத்துருவோமே" என்றாள் ஹம்சவேணி. ஒரு சிஸ்டத்தில் 98, அடுத்ததில் எக்ஸ்பி, மூன்றாவதில் லினக்ஸ். கேம் எப்படி ஓடுகிறது, நிற்காமல் எது தாங்குகிறது, பூட்டு எது உறுதி என்று பார்ப்பது. ராதாகிருஷ்ணன் காபியைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தார். "சரி, பாரு. மூணுல ஒண்ணையாவது நம்பி ஆளை உக்கார வைக்கலாம்னு காட்டு. இல்லைன்னா சாவியைக் குடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விளையாட்டுக்கு நடுவர் வேறு யார், வெள்ளைத்துரைதான். விஷயத்தைத் தமிழில் சொன்னதும் அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "எனக்கா? என்னையவா பாக்கச் சொல்றீங்க? இந்தா வாரேன்க்கா" என்று உரக்கடையை ஒரு வாரம் சீக்கிரமே அடைத்தார். 98-இல் ரேஸ் நன்றாகத்தான் பறந்தது, கடைசிச் சுற்றில், அவர் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தபோது, கார் அந்தரத்தில் நின்றுவிட்டது. சொந்த வண்டி மக்கர் பண்ணியதுபோல அவர் மேஜையைத் தட்டினார். எக்ஸ்பி முதலில் நத்தையாக ஊர்ந்தது. ஸ்ரீநாத் இன்னொரு சிஸ்டத்திலிருந்து மெமரியைக் கழற்றி இதில் சொருகியதும் வெண்ணெயாக ஓடியது. லினக்ஸில் அந்த ரேஸ் ஏறவே மாட்டேன் என்றது. அதில் இருந்தது ஒரு பெங்குவின், பனிமலையில் குப்புறப் படுத்து வழுக்கிக்கொண்டு போகும் விளையாட்டு.

"என்ன மாப்ள இது?" என்றார் ஸ்ரீநாத்திடம். "ஒரே எறக்கமா இருக்கு. கியரும் இல்ல, பிரேக்கும் இல்ல."

"மீன் இருக்கும் பாருங்கண்ணே, வழியில. புடிச்சுக்கிட்டே போகணும்."

"இதெல்லாம் ஒரு கேமா?" என்று எழுந்து போனவர், அடுத்த நாள் யாரும் பார்க்காதபோது அந்தப் பெங்குவினோடு குனிந்து உட்கார்ந்திருந்தார். ஆனாலும் கேமில் எக்ஸ்பிதான் முதல் என்பதில் ஸ்ரீநாத்துக்கே மறுப்பில்லை.

தாங்குவதில் வேடிக்கை வேறு மாதிரி இருந்தது. 98-ஐத் தினமும் மதியத்துக்குள் ஒருமுறையாவது அணைத்துப் போட வேண்டியிருந்தது. எக்ஸ்பி ராஜா மாதிரி நின்றது, ஆவணி பிறக்கும்வரை. அந்த ஆவணியில்தான் நெட் வழியாக ஒரு புழு உலகம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. ஒரு நாள் எக்ஸ்பி திரையில் ஒரு பெட்டி வந்து, இன்னும் ஒரு நிமிஷத்தில் அணையப் போகிறேன் என்று இறங்குமுகமாக எண்ண ஆரம்பித்தது. சுற்றியிருந்த காலேஜ் பையன்கள் ராக்கெட் விடுவதுபோலக் கூடவே எண்ணிக் கைதட்டினார்கள். ஹம்சவேணிக்குக் கைதட்டத் தோன்றவில்லை. பக்கத்திலிருந்த கிழட்டு 98-க்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

"அந்தப் புழு வர்ற கதவு 98-ல கெடையவே கெடையாது அண்ணி" என்றான் ஸ்ரீநாத். "எக்ஸ்பிலதான் புதுசா வச்சாங்க."

"அப்ப வசதி கூடக் கூட வழியும் கூடுதா?" என்று கேட்டுவிட்டு அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீநாத் எக்ஸ்பிக்கு ஒட்டுப் போட்டு எழுப்பினான். லினக்ஸ் இது எதையும் கண்டுகொள்ளவில்லை. முனீஸ்வரியை ஹம்சவேணி ஆள்விட்டு அழைத்து அதில்தான் விண்ணப்பத்தைப் போடச் சொன்னாள். ஒரே தடவையில் போய்ச் சேர்ந்தது. முனீஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புட்டுப் பயந்து வந்தேன் தெரியுமாக்கா" என்றாள். ஹம்சவேணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடை பிழைத்துவிடும் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக நம்பினாள்.

பாக்கி இருந்தது பூட்டு. அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினார்கள். மூன்று சிஸ்டத்திலும் ஹம்சவேணி யாருக்கும் தெரியாமல் ஒவ்வொரு ஃபைல் எழுதிப் பூட்டி வைத்தாள். எதிலாவது நுழைந்து அதில் இருப்பதைப் படித்துச் சொல்பவருக்கு ஒரு மாதம் நெட் இலவசம் என்று வாசலில் எழுதிப் போட்டதும் காலையிலேயே கூட்டம் கூடிவிட்டது.

98 விழுந்ததைக் கதையாகச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பாஸ்வேர்டு கேட்ட பெட்டியில் ஒரு பையன் கேன்சல் என்பதை அழுத்தினான். உள்ளே விட்டுவிட்டது. "அப்புறம் எதுக்கு அது கேட்குது?" என்றாள் ஹம்சவேணி. எக்ஸ்பி மதியம் வரை தாக்குப்பிடித்தது. பாலிடெக்னிக் பையன் ஒருவன் அதை, பழுது பார்க்க வைத்திருக்கும் சேஃப் மோடில் எழுப்பினான். அங்கே அட்மினிஸ்ட்ரேட்டர் என்று இன்னொரு பெரிய அக்கவுண்ட் இருந்தது, அதற்குப் பாஸ்வேர்டு வைக்க ஸ்ரீநாத் மறந்திருந்தான். லினக்ஸிடம் மட்டும் யாருடைய பருப்பும் வேகவில்லை. எழும்பும்போதே உள்ளே நுழைய ஒரு குறுக்குவழி உண்டு, அதையும் ஸ்ரீநாத் முதலிலேயே அடைத்துவிட்டான். ஆட்கள் வந்து வந்து தோற்றுப்போனார்கள். அவன் காலரைத் தூக்கிவிடாத குறை.

சாயங்காலம் வெள்ளைத்துரை வந்தார். "நானும் ஒருக்கப் பாக்கட்டா?" என்றார் கூச்சத்தோடு.

"பாருங்கண்ணே, தாராளமா" என்றாள் ஹம்சவேணி. கொழுந்தனிடம் வீட்டுப் பேச்சில், "பாவம், பூசணிக்காய்க்கும் ஆசை" என்றாள்.

வெள்ளைத்துரை லினக்ஸ் முன் உட்கார்ந்து, ஒற்றை விரலால் எதையோ அடித்தார். தப்பு என்றது. யோசித்து, ஓர் எழுத்தை மாற்றி அடித்தார். அதுவும் தப்பு. வாய்க்குள் அந்தச் சொல்லை முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு மாதிரி எழுத்துக் கூட்டி அடித்தார். திரை திறந்தது. எந்த ஃபைல் என்று ஹம்சவேணியே காட்டினாள். வெள்ளைத்துரை படித்தார்.

"அழகர்கோவில் தோசை."

ஹம்சவேணி அதைத்தான் எழுதியிருந்தாள். எழுத உட்கார்ந்தபோது வேறொன்றும் தோன்றவில்லை, பசி.

"எப்படிண்ணே?" என்று ஸ்ரீநாத் அவர் தோளைப் பிடித்துவிட்டான். "எந்த டூல் வச்சு உடைச்சீங்க?"

"நான் எங்க மாப்ள உடைச்சேன்? நீதான தெனமும் உள்ள இருந்து கத்துற. நான் காலைல உரக்கடையத் தொறக்கப் போகயில ரோடு வரைக்கும் கேக்குது. இதுக்கும் அதத்தான் வச்சிருப்பேன்னு நெனச்சேன். ஸ்பெல்லிங்தான் கொஞ்சம் இடிச்சிருச்சு."

"ஆனா அது எங்க பாஷையில..." என்று தொடங்கினாள் ஹம்சவேணி.

"தெரியும்க்கா" என்றார் வெள்ளைத்துரை, கீபோர்டைப் பார்த்துக்கொண்டு. "நான் படிச்ச பள்ளிக்கூடத்துல எங்க கிளாஸ்ல முக்காவாசிப் பேரு உங்க ஆளுகதான். அவனுகளோட சேந்து வெளையாண்டு, அவனுக டிபன் பாக்ஸத் தின்னு வளந்தவன் நான். நீங்க பேசுறது பூராம் புரியும்."

பூரா என்றால் மூன்று வருஷம். ஹம்சவேணிக்கு ஒவ்வொரு சாயங்காலமும் வரிசையாக ஞாபகம் வந்தது. பூசணிக்காய். நாற்காலியைப் பார்த்து. போன வாரம்கூட, நடுவர் வந்தாச்சு, கதவை இன்னும் அகலமா வைக்கணும் என்று சொல்லிச் சிரித்திருந்தாள். தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"என்னை மன்னிச்சிருங்கண்ணே" என்றாள். "ஒரு தடவையாவது எங்க பாஷையில ஒரு வார்த்தை பேசியிருந்தா நான் இப்படி..."

"பேசியிருப்பேன்க்கா. எனக்கு மரியாதையாப் பேச வராது. பசங்க பேசுனதக் கேட்டுப் படிச்சது. வாடா, போடா, குடுடா, அவ்வளவுதான். உங்களப் போயி அப்படிப் பேச முடியுமா? அதான் கம்முனு இருந்துட்டேன்." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுல எங்காத்தா இதவிட மோசமாச் சொல்லும்" என்றார்.

அந்த நேரத்தில்தான் ராதாகிருஷ்ணன் உள்ளே வந்தார். வாசலில் பையன்கள், மூன்று சிஸ்டமும் திறந்துவிட்டதைச் சொல்லியிருந்தார்கள். எப்படி என்று கேட்க அவருக்குப் பொறுமையில்லை. கூட்டத்தின் தலைக்கு மேலாக, முகத்தில் அதே கடைச் சிரிப்போடு, வீட்டுப் பேச்சில் உரக்கச் சொன்னார்.

"மூணும் போச்சா? நான் சொன்னேனா இல்லையா? நாளைக்குச் செல்போன்காரருக்குச் சாவியைக் குடுத்துடறேன். பூசணிக்காயைக் கிளப்பி அனுப்பிட்டு ஷட்டரை இறக்கு. கடை அவ்வளவுதான்."

ஹம்சவேணி கண்ணைக் காட்டினாள், கையைக் காட்டினாள். அவர் கவனிக்கவில்லை. கவனித்தது வெள்ளைத்துரை. நாற்காலி கிறீச்சிட எழுந்தார். ஏதோ ஒரு வேகத்தில், தனக்கு எவ்வளவு தெரியும் என்பதையே மறந்து, ராதாகிருஷ்ணன் முகத்துக்கு நேராக அவர் பாஷையிலேயே சொன்னார்.

"டேய், கடையை மூடாதடா!"

ராதாகிருஷ்ணன் அப்படியே நின்றார். பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு அந்தப் பாஷையில் அவரை யாரும் டேய் போட்டதில்லை. வெள்ளைத்துரை நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஐயையோ, அண்ணே, தெரியாம வந்துருச்சு" என்று தமிழுக்கு ஓடினார். ஸ்ரீநாத் திரும்பி நின்றுகொண்டான், அவன் முதுகு குலுங்கியது.

"மூணாவது பூட்டு உடையலைங்க" என்றாள் ஹம்சவேணி. வேண்டுமென்றே தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி. "லினக்ஸ் கடைசி வரைக்கும் நின்னுச்சு. நாமதான் சாவியைத் தெனமும் ரோட்டுல கூவி வித்திருக்கோம். அண்ணனுக்கு நம்ம பேசுறது எல்லாம் புரியும். மூணு வருஷமா புரியும்."

ராதாகிருஷ்ணன் வெள்ளைத்துரையைப் பார்த்தார். தான் மூன்று வருஷம் சொன்னதெல்லாம் அவருக்கும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்திருக்க வேண்டும், கடைச் சிரிப்பு முகத்தை விட்டு இறங்கிவிட்டது. கடையில் மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓரத்துச் சிஸ்டத்தில் மெயில் பார்த்துக்கொண்டிருந்த முனீஸ்வரி எழுந்து வந்து, "என்னக்கா? உங்க வீட்டுக்காரர் வந்ததும் என்னமோ சொன்னாரே, என்ன சொன்னாரு?" என்றாள் பயத்தோடு.

ஹம்சவேணி கணவரைத்தான் பார்த்தாள். "கேட்குறாங்கல்ல, சொல்லுங்க" என்றாள். "தமிழ்லயே சொல்லுங்க."

கடையை மூடுவதைப் பற்றி எத்தனை நாளாகவோ பேசியிருக்கிறார். எல்லாம் வீட்டுப் பேச்சில், கடைக்கு வருபவர்கள் தலைக்கு மேலாக. ஒரு தடவைகூட இவர்களுக்குப் புரிகிற வார்த்தையில் சொன்னதில்லை. முனீஸ்வரியின் முகத்தைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டே போன நாள் அவருக்கு மறக்கவில்லை. சுற்றியிருந்த பையன்களைப் பார்த்தார், இன்னும் எழுந்து நின்றுகொண்டிருந்த வெள்ளைத்துரையைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார் கடைசியில், தொண்டையைச் செருமிக்கொண்டு. "செல்போன் கடைக்காரர் ஒருத்தர் இந்த இடத்தைக் கேட்டுக்கிட்டு இருந்தார். அவரை வேற இடம் பாத்துக்கச் சொல்லணும்னு சொன்னேன்."

முனீஸ்வரிக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தப் பாஷை தெரிந்த வெளியாள் அங்கே ஒரே ஒருவர்தான் என்பது அவளுக்கு இப்போது தெரியும். அவர் பக்கம் திரும்பி, "அப்படியாண்ணே சொன்னாரு?" என்றாள்.

வெள்ளைத்துரை ராதாகிருஷ்ணனைப் பார்த்தார். ஹம்சவேணியைப் பார்த்தார்.

"ஆமா தாயி" என்றார். "ஒரு வார்த்தை மாறாம அதத்தான் சொன்னாரு."